சுற்றாத மோட்டார்

எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்ததற்குத் திறமை காரணமல்ல. எனக்கு முன்பு வாசித்தவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. பியானோ தேர்வு எழுதியவர்கள் யாராவது உண்டா என்று தேடியபோது நான் ஒருத்திதான் இருந்தேன். சுசீந்திரத்தைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே உள்ள சிறிய கிறிஸ்தவ சபை அது. வாரநாட்களில் எனக்கு நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. மாணவர்கள் உடைப்பதற்கு முன் கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், உடைத்த பின் திரும்ப வாங்கி வைப்பதும்தான் அந்த வேலை.

என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, கல்ஃபில் ஏசி மெக்கானிக். ஏறத்தாழ இருபது வருடமாக அங்கேதான் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரே வழிதான் இருந்தது. கையில் தூக்கிப் பார்ப்பார். பாரமாக இருந்தால் நல்ல சாதனம். எங்கள் வீட்டில் அவர் கொண்டுவந்த அயர்ன் பாக்ஸால் சட்டை தேய்த்தால் அன்று வேறு உடற்பயிற்சி வேண்டாம்.

இரண்டாயிரத்து ஏழில் அவர் சபைக்கு இரண்டு சப்வூஃபர் பெட்டிகளை கார்கோவில் அனுப்பி வைத்தார். ஒவ்வொன்றிலும் பதினெட்டு அங்குல ஸ்பீக்கர். ஒரு பெட்டியை இறக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். பெட்டியின் முகப்பில் மறைந்த தன் தாய் தந்தையின் பெயர்களை எழுதச் சொல்லியிருந்தார். வெள்ளை பெயின்டில், கொட்டை எழுத்தில் எழுதினார்கள். ஜெபம் செய்து பிரதிஷ்டை பண்ணினார்கள். அதன்பின் அந்தப் பெட்டியைக் குறை சொல்வது இறந்தவர்களைக் குறை சொல்வதற்குச் சமம் ஆகிவிட்டது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் ஞாயிறு முதல் பாட்டிலேயே ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. சபைக்கு ஆனந்தம். நான் இடது கையால் கீழே ஒரு சி அழுத்தினேன். பெட்டியிலிருந்து சி வந்தது. கூடவே, மேலே எங்கிருந்தோ ஒரு ஜி-யும் வந்தது. அதை நான் அழுத்தவில்லை. கையைக் குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் சி-யின் மேல்தான் இருந்தது.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. ஒரு சுரத்தின் அதிர்வை மூன்று மடங்காக்கினால் எட்டு சுரம் தாண்டி, அதற்கும் மேலே ஐந்தாவது சுரம் வரும். சி-க்கு அது ஜி. ஸ்பீக்கருக்கு ஓர் அலையைக் கொடுத்து, அது அந்த அலையின் இரு முனைகளையும் மழுக்கிவிட்டால், இந்த மூன்று மடங்கு தானாகப் பிறந்துவிடும். சி-க்கு ஜி சேர்ந்தால் பெரிய பாதகமில்லை, கேட்க நன்றாகக்கூட இருக்கும். ஆனால் எஃப் கோர்டு என்ற சுரக்கூட்டுக்கு அடியில் ஏ வைத்தால் பெட்டி ஒரு ஈ-யைச் சேர்க்கும். ஈ-யும் எஃப்-பும் பக்கத்துப் பக்கத்து வீடு, பேச்சுவார்த்தை கிடையாது. சமாதானத்தைப் பற்றிய பாட்டுகளில் எஃப் கோர்டு நிறைய வரும்.

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலரிடம் சொன்னேன். அவர் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி.

"அண்ணாச்சி, பெட்டியில வேற ஒரு சத்தம் கூட வருது."

"சத்தம் வரதுக்குத்தானே வச்சிருக்கு மக்ளே."

"நான் வாசிக்காத சத்தம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது போனஸ்னு நெனச்சுக்கோ" என்றார்.

அன்று சாயங்காலமே கல்ஃபிலிருந்து போன் வந்தது. செயலரிடமிருந்து சித்திக்கு, சித்தியிடமிருந்து சித்தப்பாவுக்கு என்று செய்தி போய்ச் சேர ஐந்து மணிநேரம்தான் ஆகியிருந்தது.

"பெட்டி கொள்ளாது, மோசம்னு சொன்னியாமே?"

"கொள்ளாதுன்னு சொல்லல்ல சித்தப்பா. நான் ஒரு சுரம் வாசிச்சா ரெண்டு கேக்குதுன்னுதான் சொன்னேன்."

"பெட்டி ரெண்டு உண்டும்லா. ரெண்டு கேக்கத்தான் செய்யும்."

"அப்படியில்ல. சி அழுத்துனா ஜி-யும்..."

"ஒரு காரியம் செய்யி. ஒனக்க இடது கைய மொதல்ல சரியாக்கு. பெறவு எனக்க பெட்டியப் பாக்கலாம்."

போன் வைக்கப்பட்டது. அதன்பின் ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் என்னிடம் பேசவில்லை. வீட்டுக்கு போன் செய்வார், அப்பாவிடம் பேசுவார், அம்மாவிடம் பேசுவார், எங்கள் மாட்டைக்கூட விசாரிப்பார். அடுத்த பார்சலில் ஒவ்வொருவர் பெயரும் எழுதிய பொட்டலம் ஒவ்வொன்று இருந்தது. எனக்கு இல்லை. அம்மா தன் பொட்டலத்திலிருந்து ஒரு சோப்பை எடுத்து என்னிடம் தந்தாள். அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் சண்டை ஞாபகம் வந்ததால் விருந்தாளிகளுக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன்.

நான் இடது கையை எட்டு சுரம் மேலே ஏற்றி வாசிக்க ஆரம்பித்தேன். பெட்டிக்கு வேலை குறைந்தது, ஜி-யும் அடங்கியது. மூன்றாவது வாரம் செயலர் வந்து, "பெட்டி வேல செய்யல்லியா? ஜன்னல் ஆடல்ல" என்று கேட்டார். மறுபடியும் கீழே இறங்கினேன்.

அடுத்த வருடக் கடைசியில், கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சித்தப்பா லீவில் வந்தார். முதல் ஞாயிறு ஆலயத்தில் பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். என்னைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்தார். எல்லாரும் போன பிறகு மேடையருகே வந்து நின்றார்.

"எங்க உனக்க ரெண்டாவது சத்தம்?"

"பாட்டுக்க நடுவுல கேக்காது சித்தப்பா. சனிக்கிழம மத்தியானம் வாங்க. தனியா கேக்க வைக்கேன்."

"வருவேன்" என்றார். நீதிமன்றத்தில் சொல்வதுபோல இருந்தது.

சனிக்கிழமை ஆய்வகத்திலிருந்து சிக்னல் ஜெனரேட்டரைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கலப்பில்லாத ஒரே ஒரு சுரத்தை மட்டும் கொடுக்கும் கருவி அது. என் இடது கைக்கு இதில் எந்தப் பங்கும் இருக்காது என்பது அதன் முக்கியமான அம்சம். ஆலயத்தில் நாங்கள் இருவர் மட்டும். அவர் முதலில் மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தினார். பிறகு பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சத்தத்தைக் குறைவாக வைத்தேன். மெல்லிய "ஊ" என்ற ஒலி வந்தது. சுத்தமாக இருந்தது.

"இது கொள்ளாம்லா?" என்றார்.

"கொள்ளாம். இப்ப கூட்டுகேன்."

கூட்டினேன். ஒரு கட்டத்துக்கு மேல் "ஊ" மெதுவாக "ஊங்" ஆனது. அவர் முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"கொறை."

குறைத்தேன்.

"கூட்டு."

கூட்டினேன். இப்படி ஐந்தாறு தடவை. பிறகு எழுந்து போய் அதிர்ந்துகொண்டிருந்த ஸ்பீக்கரின் கூம்புக் காகிதத்தின் மேல் உள்ளங்கையை, காய்ச்சல் பார்ப்பதுபோல வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுக்கு மூச்சு முட்டுது" என்றார். "கம்ப்ரசர்ல வால்வு போனா இப்படித்தான் இருக்கும். ஓட்டம் இருக்கும். ஆனா தள்ளி முடியுற எடத்துல தள்ள ஆளிருக்காது."

நான் அந்த வருடம் ஸ்பீக்கர் மோட்டார்களைப் பற்றிக் கல்லூரி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்துப் படித்திருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான். அதில் இதே விஷயத்தை ஒரு வரைபடமாகப் போட்டிருந்தார்கள். காகிதத்தைத் தள்ளும் கம்பிச்சுருளான காயில் நடுவில் இருக்கும்போது காந்தத்தின் பலம் முழுதாக இருக்கும். முன்னாலும் பின்னாலும் தூரம் போகப் போகப் பலம் சரிந்துகொண்டே வரும். மலைபோன்ற ஒரு கோடு. எனக்குப் புரிய நான்கு நாள் ஆனது. சித்தப்பாவுக்கு ஒரு உள்ளங்கை போதுமானதாக இருந்தது.

"அதேதான் சித்தப்பா" என்றேன்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. "கோட்டாறுல ஸ்பீக்கர் பாக்கியதுக்கு ஆரு உண்டு?" என்று மட்டும் கேட்டார்.

கோட்டாறில் ஒரு சந்துக்குள் ஒற்றை ஷட்டர் கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். கயிற்றில் கோர்த்துத் தொங்கும் மூக்குக்கண்ணாடி. சுவர் முழுக்க ஆணியில் ஸ்பீக்கர் காகிதங்கள், தொப்பிகள்போல. அந்த வாரம் நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். பாய் ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மோட்டார்லதான் கொறை" என்றார்.

"இதுல எங்க மோட்டார்? இது ஸ்பீக்கர்லா" என்றார் சித்தப்பா.

"மோட்டார்தான் அண்ணாச்சி. மத்த மோட்டார் சுத்தும். இது சுத்தாது, முன்னயும் பின்னயும் போவும். அம்புடுதான் வித்தியாசம். இந்தக் காந்தத்துக்கும் நடுத்தூணுக்கும் இடையில ஒரு வட்டச் சந்து உண்டு. காயில் அந்தச் சந்துக்குள்ளதான் எப்பவும் நிக்கணும். சந்த விட்டு வெளிய போச்சுன்னா கரண்டு பாயும், வேல நடக்காது."

பிறகு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஸ்பீக்கரின் முதுகைத் தட்டினார். அந்த முதுகு பெரிய சட்டிபோல இருந்தது. கறுப்பு ரப்பர் உறை போட்டிருந்தது. 'டொக்' என்று கேட்டது. இன்னொரு இடத்தில் தட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தார்.

"ரப்பர உரிக்கட்டா?"

"உரிங்க."

ரப்பர் கழன்றது. மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் காந்தம். அதற்குக் கீழே அதைவிட இரண்டு மடங்கு அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம். பாய் அதன்மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். ஒட்டவில்லை. ஓரத்தில் சுரண்டினார். கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் வந்தது.

"சிமெண்டு" என்றார்.

பாய் அந்த வட்டத்தைக் கழற்றி எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரம் பிசிறில்லாமல் வார்த்து, நன்றாக நனைத்து உலர வைத்திருந்தார்கள்.

"காந்தம் கொள்ளாது" என்றார். "சிமெண்டு கொள்ளாம்."

இரண்டாவதையும் உரித்தார். அதிலும் சிமெண்ட்தான், அதுவும் நல்ல வேலைப்பாடு.

சித்தப்பா ஒரு வட்டத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். பழக்கம். அதைக் கீழே வைக்காமல் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக நான் இந்த நிமிடத்துக்காகக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சொன்னது சரி என்று நிரூபணமாகிவிட்டது. அதற்குரிய சந்தோஷம் எப்போது வரும் என்று காத்துப் பார்த்தேன். வரவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவில், இரண்டு வட்டங்களையும் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, அவரே பேசினார்.

"மூணு வெள்ளிக்கிழம அந்தக் கடைக்குப் போனேன் மக்ளே. லீவு நாளு அது ஒண்ணுதான். பஸ்ஸு மாறிப் போணும். வேற வேற கம்பெனி சாதனம் எல்லாம் தூக்கிப் பாத்தேன். இதுதான் பாரம் கூடுதல். அம்மைக்க பேரும் அப்பாக்க பேரும் எழுத வேண்டிய சாதனம்லா, லேசா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "கடலத் தாண்டி சிமெண்டு அனுப்பியிருக்கேன்."

சித்தியிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லவில்லை. பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறது என்று மட்டும் சபையில் சொன்னோம்.

பாயிடம் ஒரு வழி இருந்தது. மூடிப்போன ஒரு சினிமா தியேட்டரிலிருந்து வந்த இரண்டு பழைய ஸ்பீக்கர்களை வைத்திருந்தார். காகிதத்தை எலி தின்றிருந்தது. ஆனால் மோட்டார் எலிக்கு ஆகாத வஸ்து. பெரிய காந்தம், கனத்த இரும்புத் தட்டு, எல்லாம் அசல். அந்த மோட்டாரை எங்கள் ஸ்பீக்கரின் சட்டத்தில் பொருத்திவிடலாம் என்றார். காயிலை, சந்தின் சுவராக நிற்கும் அந்தத் தட்டின் தடிமனைவிட நீளமாகச் சுற்றினார். அப்போதுதான் அது முன்னால் போனாலும் பின்னால் போனாலும் சந்துக்குள் எப்போதும் அதே அளவு கம்பி இருக்கும், தள்ளுகிற பலம் மாறாது. இதைச் செய்யாமல்தான் முந்தைய மோட்டார் ஒவ்வொரு தள்ளலின் கடைசியிலும் கையைவிட்டது.

"இன்னொரு காரியம் உண்டு டீச்சர்" என்றார் பாய். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். "ஒருக்க ஒரு வெளிநாட்டு ஸ்பீக்கர் வந்துது. நடுத்தூணுக்கு செம்புல ஒரு குப்பாயம், சட்ட மாதிரி, போட்டிருந்தான். என்னத்துக்குன்னு தெரியாது. அழகுக்குன்னு நெனச்சேன். உள்ள கெடக்கியதுக்கு என்ன அழகு?"

அது எனக்குத் தெரியும், புத்தகத்தில் இருந்தது. காயிலில் மின்சாரம் ஏறி இறங்கும்போது அது நடுத்தூணில் உள்ள இரும்பையும் சேர்த்து ஆட்டி வைக்கும். காயில் உள்ளே போனால் ஒரு மாதிரி, வெளியே வந்தால் வேறு மாதிரி. அதிலும் ஒலி கோணும். தூணைச் சுற்றி ஒரு செம்பு வளையம் இருந்தால் அதில் எதிர்த் திசையில் மின்சாரம் ஓடி, அந்த ஆட்டத்தை அடக்கும். செய்து பார்க்கலாம் என்றேன்.

பாய் செம்புத் தகட்டை வெட்டிச் சுருட்டி ஒரு வளையம் செய்தார். ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன.

"இது மூடியிருக்கணும்" என்றேன். "கரண்டு சுத்தி வரணும்லா. வழியில முடி அளவு வெடிப்பு இருந்தாலும் ஓடாது."

அவர் ஈயம் வைத்து ஒட்டினார். ஒட்டின இடம் வீங்கிக்கொண்டது, சந்துக்குள் இறங்கவில்லை. அரத்தால் ராவினார், ஒட்டு விட்டுப்போனது. மறுபடி ஒட்டினார். சித்தப்பா அன்று காலையிலிருந்து முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையும் விட்டுப்போனபோது எழுந்தார்.

"ஈயம் நிக்காது பாய். வெள்ளிக் கம்பி வச்சு காஸ்ல பத்த வைக்கணும். இரிங்க, வாறேன்."

வடசேரியில் அவருக்குத் தெரிந்த ஏசி ஒர்க் ஷாப் இருந்தது. ஒரு மணிநேரத்தில் சின்ன காஸ் சிலிண்டரும் டார்ச்சும் கம்பியுமாக வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில், ஸ்பீக்கர் காகிதங்களுக்கு நடுவே மாட்டினார். தகட்டை உப்புத்தாளால் தேய்த்தார், சுருட்டினார், கம்பியால் கட்டினார். நீலத் தீ பட்டதும் செம்பு முதலில் மங்கி, பிறகு சிவந்தது. கம்பியின் நுனியை ஓரத்தில் தொட்டார். வெள்ளி ஒரு கோடாக உருகி, கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கில் தானாக ஓடி ஒளிந்துகொண்டது. குளிர்ந்த பின் ராவினார். ஒட்டின இடம் எது என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை.

அவர் ஏசி மெக்கானிக் என்பது நான் பிறந்து நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வீட்டில் உள்ள தகவல். ஆனால் அவர் வேலை செய்வதை நான் பார்த்தது அன்றுதான். எங்களுக்கு கல்ஃப் என்பது பொட்டலம் வரும் ஒரு திசை. அங்கே ஒருவர் முட்டியில் குனிந்து உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனையோ குழாய்களைப் பற்ற வைக்கிறார் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. நானும் யோசித்ததில்லை.

சந்தில் இரும்புத் துகள் எதுவும் இல்லாமல் பாய் ஒட்டுத்தாளால் துடைத்து எடுத்தார். சித்தப்பா வளையத்தைத் தூணின் தலையில் வைத்து அழுத்தினார். அது போனது. ஆனால் அவர் அழுத்திய வேகத்தில் போகவில்லை. எண்ணெய்க்குள் இறங்குவதுபோல, தன் இஷ்டத்துக்கு மெதுவாகப் போனது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"இது என்னவாக்கும்? இடிக்கவும் இல்ல, ஒட்டவும் இல்ல. பின்ன ஏன் பிடிக்குது?"

"செம்ப காந்தம் இழுக்காது சித்தப்பா. ஆனா காந்தத்துக்குள்ள செம்பு நகந்தா அதுல கரண்டு உண்டாவும். அந்தக் கரண்டுதான் நகர விடாம பிடிக்கும். வளையம் மூடியிருக்குன்னு அதுக்கு அர்த்தம். பாயிக்க வளையத்துல வெடிப்பு இருந்துதுல்லா, அத இறக்கியிருந்தா இப்படிப் பிடிக்காது."

அவர் வளையத்தை மறுபடி மேலே இழுத்தார். வேகமாக இழுத்தால் அதிகம் பிடித்தது, மெல்ல இழுத்தால் விட்டுக்கொடுத்தது. இறக்கினார். இழுத்தார். பாயும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அரை மணிநேரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். கடைக்கு வந்த ஒருவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள் முன்பு பெட்டிகள் ஆலயத்துக்குத் திரும்பின. மத்தியானம் மறுபடியும் சிக்னல் ஜெனரேட்டரை வைத்தேன். பழைய அளவுக்குக் கூட்டினேன். "ஊ" என்றே இருந்தது. அதற்கும் மேலே கூட்டினேன். காகிதம் இரண்டு விரல் அளவுக்கு முன்னும் பின்னும் போய் வந்தது. அப்போதும் "ஊ"தான். உண்மையைச் சொன்னால் மிகக் கீழ் சுரங்களில் அந்தச் செம்பின் பங்கு அதிகமில்லை. முக்கால்வாசிப் புகழ் தியேட்டர் காந்தத்துக்கும் பாயின் நீளக் காயிலுக்கும்தான் சேர வேண்டும். செம்பு சற்று மேலே உள்ள சுரங்களைத்தான் துலக்கும். இதைச் சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் உள்ளங்கையைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப தள்ளுது" என்றார்.

கிறிஸ்மஸ் ஆராதனையில் எஃப் கோர்டுக்கு அடியில் தைரியமாக ஏ வைத்தேன். ஈ வரவில்லை. பக்கவாட்டில் பார்த்தேன். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மற்ற யாருக்கும் எதுவும் தெரிந்ததாகத் தெரியவில்லை. முடிந்ததும் செயலர் வந்தார்.

"மக்ளே, பெட்டிக்க சத்தம் கொறஞ்சு போச்சே."

கோணல் ஒலி எப்போதும் உரக்கக் கேட்கும். சுத்தமான கீழ் ஒலியைக் காது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. இதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனாலும் ஜன்னல் ஆடல்லியே" என்றார்.

விஷயம் அடுத்த ஞாயிறு சபைக் கமிட்டிக்குப் போனது. ஆராதனை முடிந்து எல்லாரும் இருக்கும்போதே கூட்டம். பெண்கள் வரிசையில் சித்தியும் இருந்தாள். பெட்டியின் பலம் குறைந்தது எதனால் என்று பேச்சு வந்தது. ஒருவர் எழுந்தார். "எல்லாரும் ஒண்ண மறந்துட்டு பேசுகோம். பெட்டி கோட்டாறு போய்ட்டு வந்திருக்கு. புதுக் காந்தத்த அந்த ஆளு உருவிட்டு, பழசு எதையாவது மாட்டி விட்டிருப்பான். கழத்திப் பாத்தாத் தெரியும்" என்றார்.

சிலர் தலையாட்டினார்கள். எனக்குக் காது சூடாகியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது பழைய காந்தம்தான். அவர் சொன்னதில் பாதி உண்மை. எழுந்து பேசலாமா என்று நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் இருந்த இடத்தில் இல்லை. வாசல் வழியாக வெளியே போவது தெரிந்தது. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கசப்பாகவே நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் ஒரு துணிப்பையுடன் வந்தார். வீடு பக்கத்தில்தான். நேராகக் கமிட்டி மேசைக்குப் போய், பையிலிருந்து எடுத்து வைத்தார். ஒன்று. பிறகு இன்னொன்று. மேசை கொஞ்சம் அசைந்தது.

"இதாக்கும் பெட்டியில இருந்த புதுக் காந்தம்" என்றார்.

செயலர் எட்டிப் பார்த்தார். "இது காந்தம் மாதிரி இல்லியே."

"இல்ல. சிமெண்டு. நான் வாங்கும்பமே இப்படித்தான். ஏமாந்தது நானாக்கும். கோட்டாறுல உள்ள ஆளு யாரையும் ஏமாத்தல்ல. இதக் கண்டுபிடிச்சதும், அவரு கைவசம் இருந்த நல்ல சாதனத்த வச்சு சரியாக்கித் தந்ததும் அவருதான்." என் பக்கம் கையைக் காட்டினார். "அதுக்கு முன்ன ஒரு வருசமா இந்தப் பிள்ள சொல்லிட்டுத்தான் இருந்தா. நான் கேக்கல்ல."

அவர் முகம் சிவந்திருந்தது. தன் பெற்றோர் பெயர் எழுதிய பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஊரார் முன்னால், தான் ஏமாந்ததை அவர் சொன்னார். எங்கள் ஊரில் கல்ஃப்காரர் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியாது. குற்றம் சொன்னவர் மெதுவாக உட்கார்ந்தார்.

செயலர் ஒரு வட்டத்தை இரு கைகளாலும் தூக்கினார்.

"நல்ல பாரமாத்தான் இருக்கு" என்றார்.

கூட்டக் குறிப்பில், பெட்டிகள் நல்ல நிலையில் இருப்பதைச் சபை அறிந்துகொண்டது என்று எழுதினார்கள். அடுத்து கழிவறைக் கதவு பற்றிப் பேசினார்கள். வெளியே வந்ததும் சித்தி சித்தப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

சித்தி அந்த இரண்டு வட்டங்களையும் வீட்டின் பின்புறம், குழாயடியில் சேறு படாமல் நிற்பதற்காகப் போட்டுக்கொண்டாள். ஒரு காலுக்கு ஒன்று. அளவு சரியாக இருந்தது. சித்தப்பா ஜனவரியில் கிளம்பிப் போனார். அடுத்த பார்சலில் என் பெயர் எழுதிய பொட்டலத்தில் சோப்பும் ஒரு டப்பா டேட்ஸும் இருந்தன. தூக்கிப் பார்த்தேன், லேசாகத்தான் இருந்தது.

அடுத்த லீவுக்கு அவர் இரண்டாயிரத்துப் பத்தில் வந்தார். சித்தி வாடகைக் கார் பிடித்துத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போயிருந்தாள். நான் கல்லூரியில் இருந்தேன். பதினொரு மணிவாக்கில் சித்தியின் போன் வந்தது.

"உனக்க சித்தப்பா கோட்டாறுல எறங்கி அந்த பாய் கடைக்குள்ள போயி முக்கால் மணிக்கூரு ஆச்சு. நான் காருக்குள்ள பெட்டியளோட இருக்கேன். இன்னும் வீட்டு வாசல்கூட மிதிக்கல்ல. ஏதோ செம்புக் கொழாயாம், துண்டாக்கி பேன்டு பாக்கெட்டுல வச்சே கொண்டுட்டு வந்திருக்காரு. நீ போயி கூட்டிட்டு வா."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போனேன். சந்தின் முனையில் கார் நின்றது. சித்தி என்னைப் பார்த்து, கடையின் பக்கம் கையை மட்டும் காட்டினாள். உள்ளே சித்தப்பாவின் விமானச் சட்டை ஆணியில் தொங்கியது. பாய் ஒரு பதினைந்து அங்குல ஸ்பீக்கரின் மோட்டாரைத் திறந்து வைத்திருந்தார். இருவரும் குனிந்து அதன் தூணின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

"வந்தியா?" என்றார் சித்தப்பா, தலையை நிமிர்த்தாமல். "இது கனமுள்ள கொழாயாக்கும். இதச் சந்துக்குள்ள வைக்கணுமா, சந்துக்குக் கீழ வைக்கணுமா?"

அது லேசான கேள்வி இல்லை. சந்துக்குள் வைத்தால் காயிலுக்கு இடம் குறையும், காந்தத்தின் பலமும் குறையும். கீழே வைத்தால் அந்த இழப்பு இல்லை, ஆனால் பலன் வேறு மாதிரி. நான் பையை வைத்துவிட்டு, ஒரு தாளில் வரைந்து காட்ட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தபோது கார் இல்லை. சித்தி பெட்டிகளோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.